துப்பாக்கி ஏந்த மறுத்தவருக்கு 18 மாதச் சிறை: தென்கொரிய வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எந்த வழக்கு, ஏன் இது

தென்கொரியாவில் ராணுவ அழைப்பாணை வந்தும் மத நம்பிக்கையின் பேரில் படையில் சேர மறுத்தார் ஒருவர். 2013-இல் அவர்மீது தொடங்கிய குற்ற வழக்கு, 2018 நவம்பர் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வில் அவருக்குச் சாதகமாகத் திரும்பியது. அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். தீர்ப்பிலும் பொதுவெளியிலும் பதிவான விவரங்கள் மட்டுமே இங்கே இருக்கின்றன.

இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இல்லை. ஆனால் சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். அங்கே இந்தச் சபையின் பதிவு 1972-இலேயே ரத்தானது. சேவையை மறுக்கும் சபை இளைஞர்கள் இன்றும் ராணுவத் தடுப்பு முகாமுக்குத்தான் போகிறார்கள். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, பாட மட்டும் மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளும் இதே சபையினர்தான். 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஆகவே இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. கொரிய வழக்கில் ஒன்று கூடுதலாக இருக்கிறது: ஒரு அரசு இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே பதிலைச் சொல்லிவந்து, பிறகு அதை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பது படிப்படியாகப் பதிவாகியிருக்கிறது.

பின்னணி

1953-இல் கொரியப் போரை நிறுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. எல்லைக்கு அந்தப்புறம் வடகொரியா. உடல்தகுதி உள்ள ஆண்கள் எல்லோரும் இருபதுகளின் இறுதிக்குள் படையில் சேர்ந்தாக வேண்டும். 2013-இல் தரைப்படைக்கு 21 மாதம். அங்கே ஒரு இளைஞனின் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே ‘படைக்குப் போய் வந்தாச்சா?’ என்ற கேள்வியைச் சுற்றித்தான் அமையும். எல்லா வீட்டிலும் ஒரு மகன் போகிறான் என்பதால், ‘நான் போகமாட்டேன்’ என்று ஒருவன் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

யெகோவாவின் சாட்சிகள் எந்த நாட்டிலும் ஆயுதம் ஏந்துவதில்லை. போர்ப் பயிற்சியும் எடுப்பதில்லை. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்ற ஏசாயாவின் வாக்கை அவர்கள் அப்படியே வாழ்க்கை விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்காகக் கொரியாவில் 1950-களிலிருந்து சிறை சென்றவர்கள் 19,000-க்கும் அதிகம். 2001 வரை அவர்களைப் படைமுகாமுக்குக் கொண்டுபோய், கட்டளையை மீறியதாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, மூன்று ஆண்டு வரை தண்டித்தார்கள். அதன்பிறகுதான் முகாமுக்குப் போகாமலே மறுத்து, குடிமக்கள் நீதிமன்றத்தில் வழக்கைச் சந்திக்கும் வழக்கம் வந்தது.

ஆயுதம் தொடாத வேறொரு பொதுப்பணி தந்திருந்தால்? அந்த யோசனை மேசைக்கு வராமல் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2005 டிசம்பரில் மாற்றுப் பணியைப் பரிந்துரைத்தது. 2007 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகமே திட்டத்தை அறிவித்தது. 2008-இல் ஆட்சி மாறியது. அந்த டிசம்பரில் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அரசியலமைப்பு நீதிமன்றமும் (சட்டங்கள் அரசியலமைப்புக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்க்க, உச்ச நீதிமன்றத்திலிருந்து தனியாக இருப்பது) 2004, 2011 என இரண்டு முறை 7-2 என்ற பெரும்பான்மையில் மறுப்பவரைத் தண்டிக்கும் சட்டம் செல்லும் என்றது.

அந்த மனிதர்

அவருடைய தந்தையும் இதே சபை. மகன் 13 வயதில் ஞானஸ்நானம் பெற்றார். முதல் அழைப்பாணை 2003-இல் வந்தது. அப்போதே மறுத்தவர், அதன்பின் பத்தாண்டு அதே நிலையில் நின்றார். தந்தையும் இதே காரணத்துக்காகச் சிறை சென்றவர். பிற்பாடு தம்பியும் போனார். ஆக, சிறை என்றால் என்ன, திரும்பி வந்தவருக்கு வேலை கிடைப்பது எப்படி என்பதெல்லாம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

2013 கோடையில் மறுபடியும் அழைப்பாணை வந்தது. குறித்த நாளுக்குப் பிறகு சட்டம் மூன்று நாள் அவகாசம் தருகிறது. அதுவும் கழிந்தது. அவர் போகவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. வெளிநாட்டுக்குப் போகவும் இல்லை. உடல்நலச் சான்றிதழ் ஏதும் தேடவும் இல்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு வழக்கை எதிர்பார்த்திருந்தார். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது அவர் முப்பதுகளில் இருந்தார். மனைவி, சிறு மகள், அப்போதுதான் பிறந்த ஒரு மகன் ஆகியோரைக் காப்பாற்றும் பொறுப்பும் அவர் தலையில் இருந்தது.

கீழ் நீதிமன்றங்களின் முடிவு: 18 மாதம் எங்கிருந்து வந்தது

ராணுவ சேவைச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, ‘நியாயமான காரணம் இன்றி’ சேராதவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 18 மாதம் விதித்தது. மேல்முறையீட்டிலும் அதே 18 மாதம்.

இந்த எண் ஏதோ ஒரு நீதிபதியின் மனதில் தோன்றியதல்ல. 18 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவரைப் படைக்கு மறுபடி அழைக்க வேண்டியதில்லை என்று விதி இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? சிறையிலிருந்து வெளியே வந்ததும் இன்னொரு அழைப்பாணை வரும், அவர் மறுபடி மறுப்பார், மறுபடி வழக்கு. ஆகவே நீதிபதிகள் ஒருவகை இரக்கத்தோடுதான் சரியாக 18 மாதம் கொடுத்தார்கள். கொரியாவில் இதைக் கடையில் விலைச்சீட்டு ஒட்டிய பொருளைப் போல, ‘நிர்ணய விலைத் தீர்ப்பு’ என்றே சொல்வார்கள். யார் வந்தாலும் அதே விலை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். விசாரணை என்று பெயர். ஆனால் அங்கே விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே நம்புகிறாரா, பொய் சொல்கிறாரா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நம்பினாலும் 18 மாதம், நம்பாவிட்டாலும் 18 மாதம். நம்பிக்கை என்பது காதில் விழவே வேண்டாத சொல்லாகிவிட்டது.

தண்டனை சிறையோடும் முடியாது. குற்றப் பதிவு இருப்பதால் அரசு வேலை கிடையாது. பெரிய நிறுவனங்களும் தயங்கும். சேவையை மறுத்தவர்களின் பெயர்களை 2016 டிசம்பர் முதல் ராணுவ ஆள்சேர்ப்பு நிர்வாகம் தன் இணையதளத்திலேயே வெளியிட்டது. முதல் பட்டியலில் 237 பேர்.

மேல்முறையீடு செய்வதா, வேண்டாமா

18 மாதத்தை அனுபவித்துவிட்டு வந்துவிடலாம். தந்தை காலத்திலிருந்து பலரும் அதைத்தான் செய்தார்கள். அவர் 2016-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அந்த நேரத்தில் கீழ் நீதிமன்றங்களில் காற்று மாறிக்கொண்டிருந்தது. 2004 மே மாதத்தில் சியோலில் ஒரு நீதிபதி முதன்முறையாக ஒரு மறுப்பாளரை விடுவித்தபோது அது தனிமரமாக நின்றது. இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் 2015-க்குப் பிறகு விடுதலைத் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2016 அக்டோபரில் குவாங்ஜுவில் மேல்முறையீட்டு அமர்வே விடுவித்தது. மேல் நீதிமன்றங்களின் முடிவு தெரிந்திருந்தும், தங்கள் தீர்ப்பு தள்ளுபடி ஆகும் என்று தெரிந்திருந்தும், அந்த மாவட்ட நீதிபதிகள் விடுதலை எழுதினார்கள். இந்த வழக்கைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கடைசித் தீர்ப்பை மட்டும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெயர் தெரியாத மாவட்ட நீதிபதிகள்தான் இதை நகர்த்தியவர்கள் என்று தோன்றுகிறது.

2018: முதலில் அரசியலமைப்பு நீதிமன்றம்

2018 ஜூன் 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் மூன்றாம் முறையாக இந்தக் கேள்வியை எடுத்தது. தண்டனைப் பிரிவை அது ரத்து செய்யவில்லை. ஆனால் சேவை வகைகளைப் பட்டியலிடும் 5-ஆம் பிரிவில் மாற்றுப் பணி இல்லாதது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 6-3 என்ற கணக்கில் சொன்னது. 2019 டிசம்பர் 31-க்குள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குக் கெடுவும் வைத்தது.

அதன் வாதம் நேரானது. மறுப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 600 பேர். நாட்டின் படைபலத்தைப் பாதிக்கும் எண்ணிக்கை இல்லை. சிறையில் போட்டாலும் அவர்கள் படைக்கு வரப்போவதில்லை. அப்படியிருக்க, சிறைக்குப் பதிலாகப் பொதுப்பணியில் ஈடுபடுத்தினால் நாட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

உச்ச நீதிமன்றம் எதைப் பார்த்தது

ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் பொது விசாரணை நடத்தியது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1 அன்று, 13 நீதிபதிகளில் ஒன்பது பேர் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

‘நியாயமான காரணம்’ என்பதற்குள் மனச்சாட்சியும் வரும் என்றது பெரும்பான்மை. சேவைக்கு ஆள் எடுக்கும்போது சட்டம் ஏற்கெனவே ஒருவரின் உடல்நிலை, குடும்ப நிலை எல்லாவற்றையும் பார்க்கிறது. தன் உள்ளத்தையே உடைத்துக்கொள்ளாமல் துப்பாக்கி எடுக்க முடியாத ஒருவரின் நிலையை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. ஜனநாயகம் பெரும்பான்மையின்படி நடந்தாலும், சிறுபான்மையைப் பொறுத்துக்கொள்ளும்போதுதான் அதற்கு நியாயம் கிடைக்கிறது என்றும் தீர்ப்பு சொன்னது.

அப்புறம் நீதிமன்றம் ஒரு அளவுகோலை வைத்தது. நம்பிக்கை ஆழமானதாக, உறுதியானதாக, உண்மையானதாக இருக்க வேண்டும். ஆழம் என்றால், அது அவருடைய வாழ்க்கை முழுவதையும் பாதித்திருக்க வேண்டும். உறுதி என்றால், சூழ்நிலைக்கு ஏற்ப வளையக் கூடாது. இதை அறிய, சபையின் கோட்பாடு என்ன, சபை அவரை உறுப்பினராக ஏற்றிருக்கிறதா, எப்போது எதனால் சேர்ந்தார், குடும்பம், பள்ளிக்காலம், சமூக வாழ்க்கை எப்படி என்று எல்லாம் பார்க்க வேண்டும். மறுப்பவர் முதலில் ஆவணங்களைத் தர வேண்டும். அதன்பின் அந்த நம்பிக்கை பொய் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை.

இங்கேதான் அந்த மனிதரின் சாதாரண வாழ்க்கை சாட்சியமாக மாறியது. 13 வயதில் ஞானஸ்நானம், 2003-இல் முதல் மறுப்பு, தந்தையும் தம்பியும் கொடுத்த விலை, கைக்குழந்தை இருந்தும் சிறை அபாயத்தை ஏற்றது. இவற்றையெல்லாம் தீர்ப்பு வரிசையாகக் குறிப்பிடுகிறது. வழக்குக்காக அவர் எதையும் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட வழக்கைக் கேட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது.

எதிர்த்த நால்வர்

மாற்றுக் கருத்து எழுதிய நான்கு நீதிபதிகளின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒருவர் உள்ளத்தில் இருப்பதை விசாரணை அதிகாரி எப்படி அளப்பார்? அளக்க முடியாததை அளவுகோலாக்கினால், சொல்லத் தெரிந்தவனுக்கு விடுதலை, சொல்லத் தெரியாதவனுக்குச் சிறை என்று ஆகாதா? குறிப்பிட்ட ஒரு மதத்தவருக்கே பலன் போகாதா? போர் முடியாத நாட்டில் இதைத் தாங்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆண்டுக்கு 600 பேர்’ என்பதே பதில். முதல் இரண்டு கேள்விகளின் கனம் பின்னாளில் தெரிந்தது. 2018 டிசம்பரிலேயே தலைமை வழக்கறிஞர் அலுவலகம் பத்து அம்ச வழிகாட்டுதலைக் கீழே அனுப்பியது. 2019 ஜனவரியில், மறுப்பாளர்கள் துப்பாக்கிச் சண்டை இணைய விளையாட்டுகளில் கணக்கு வைத்திருந்தார்களா என்று அரசு வழக்கறிஞர்கள் தேட ஆரம்பித்தார்கள். திரையில் சுடுவதும் போர்க்களத்தில் சுடுவதும் ஒன்றா என்று பெரிய விவாதம் எழுந்தது. பதினைந்து வயதில் நண்பனோடு விளையாடியதை வைத்து முப்பது வயதுக்காரரின் விசுவாசத்தை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேசமயம், வேறெதைத்தான் பார்ப்பது என்று அரசுத் தரப்பு கேட்டால் அதற்கும் சுலபமான பதில் இல்லை. ஞானஸ்நானம் பெறாமலே சபை நம்பிக்கையைச் சொல்லி மறுத்த ஒருவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் பின்னர் உறுதி செய்தது. சபைக்கு வெளியே, அமைதிக் கொள்கையை முன்வைத்த ஒருவரின் விடுதலையை 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டது. ஆக, பலன் ஒரு மதத்தோடு நிற்கவில்லை.

பின்விளைவுகள்

தீர்ப்பு வந்தபோது உச்ச நீதிமன்றத்தில் மட்டும் இதேபோன்ற 227 வழக்குகள் காத்திருந்தன. அந்த மாதக் கடைசியில், சிறையில் இருந்த மறுப்பாளர்களில் 58 பேர் முன்கூட்டியே வெளியே வந்தார்கள். 2019 டிசம்பர் 30 அன்று அறிவித்த சிறப்பு மன்னிப்பில் 1,879 பேருக்கு இழந்த உரிமைகள் திரும்பின.

நாடாளுமன்றம் கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, 2019 டிசம்பர் 27 அன்று, மாற்றுப் பணிச் சட்டத்தை நிறைவேற்றியது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 29 உறுப்பினர் கொண்ட குழு அமைந்தது. எழுத்து வாக்குமூலம், பள்ளிப் பதிவேடு, தெரிந்தவர்களின் வாக்குமூலம், சபைச் சான்று எல்லாம் கொடுக்க வேண்டும், நேரிலும் விசாரிப்பார்கள். 2020 ஜூலையில் முதலில் அனுமதி பெற்ற 35 பேரும் ஏற்கெனவே நீதிமன்றத்தில் விடுதலை உறுதியானவர்கள்.

முதல் அணி 2020 அக்டோபர் 26 அன்று பணிக்குச் சேர்ந்தது. அறுபதுக்குச் சற்று மேற்பட்டோர். பணியிடம், சிறைச்சாலை. கைதிகளுக்கான சமையல், பொருள் விநியோகம், சுகாதாரம், கட்டடப் பராமரிப்பு ஆகியவை வேலைகள். ஆயுதம் தொடும் வேலை எதுவும் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. 36 மாதம், அத்தனை நாளும் சிறை வளாக விடுதியிலேயே தங்க வேண்டும். முந்தைய தலைமுறை கைதியாக நுழைந்த இடத்துக்கு இந்தத் தலைமுறை ஊழியராக நுழைந்தது. குற்றப் பதிவு இல்லை என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் காலம் இருமடங்கு.

என்ன மாற வேண்டும்

தரைப்படைச் சேவை இப்போது 18 மாதம். மாற்றுப் பணி 36 மாதம். குறுக்குவழியாக யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பது அரசு சொல்லும் காரணம். அதைத் தடுக்கத்தான் பரிசீலனைக் குழுவும் அத்தனை ஆவணங்களும் இருக்கின்றனவே; உண்மையானவர் என்று குழுவே முடிவு செய்தபிறகு, அவருக்கு இருமடங்கு காலம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. 2024 மே 30 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் 36 மாதம், சிறை வளாகம், விடுதி வாசம் ஆகிய மூன்றும் செல்லும் என்று 5-4 என்ற கணக்கில் முடிவு செய்தது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்.

காலத்தைவிட விடுதி விதியைத்தான் முதலில் தளர்த்த வேண்டும் என்று நினைக்கிறேன். மறுப்பாளர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியே முப்பதைத் தாண்டியவர்கள். மனைவி மக்கள் உள்ளவர்கள். இந்த வழக்கின் நாயகரைப் போலக் கைக்குழந்தை உள்ள ஒருவர் மூன்று ஆண்டு வீட்டுக்கு வெளியே தங்கினால், வாடகையையும் பால் செலவையும் மனைவி தனியாகப் பார்க்க வேண்டும். குழந்தை உள்ளவரை வீட்டிலிருந்து வந்துபோகும்படி விடுவதால் தடுப்பு எதுவும் பலவீனமாகாது.

பணியிடமும் விரிய வேண்டும். முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பு, பேரிடர் மீட்பு போன்றவற்றில் ஆள் தேவை இருக்கிறது. இதற்குச் சட்டத்தை முழுவதுமாகத் திருத்தக்கூட வேண்டியதில்லை. சிறை தவிர வேறு நிறுவனங்களையும் அரசாணையால் சேர்க்க அந்தச் சட்டமே இடம் தருகிறது.